பிரஷர் சென்சார் வதைப் படலம்

கழற்றுவதில் கைதேர்ந்தவனை, மாட்டுவதில் மனந்தளராதவனை, திருகாணியைக் கண்டால் திருமுகம் மலர்பவனைப் பாடப் புகுந்தோம். உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள், நின்றிருப்பவர்கள் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள்! மெதுவாகச் சுழன்ற மின்விசிறியைச் சுழலவே விடாமல் அடக்கியவன் அவன். சொட்டுச் சொட்டாய் ஒழுகிய குளியலறைக் குழாயை அருவியாக்கித் தெருமுனை வரை தன் புகழைப் பாயவிட்டவன் அவன். நேரம் தவறி ஓடிய சுவர்க்கடிகாரத்தை, இனித் தவற வழியே இல்லாதபடி, ஒரேயடியாக நிறுத்திவைத்தவனும் அவனே. வாழி அவன் முழங்கை! வாழி அம்முழங்கையில் படிந்த கிரீஸ்! அக்கிரீஸைத் துடைத்துத் துடைத்து நிறம் மாறிப்போன வீட்டுத் துவாலைகள் அத்தனையும் வாழி!

வாரநாள்களில் அவன் ஒரு மருந்துக் கிடங்கின் மேற்பார்வையாளன்; காய்ச்சல் மாத்திரைப் பெட்டிகளை இடம் மாற்றி அடுக்கச் சொல்லி ஆணையிடுபவன். விடுமுறை நாள்களிலோ ஸ்பேனர் ஏந்திய வேந்தன். ‘நானே பாத்துக்கறேன்’ என்பது அவன் போர்முழக்கம். நாளடைவில் அதுவே அவனுக்கு விருதுப்பெயருமாயிற்று. மனைவியின் அண்ணன் முதலான உறவுப்படை அவனை முகத்துக்கு முன்னால் ‘மாப்ளே’ என்றும், முதுகுக்குப் பின்னால் ‘நானே’ என்றும் அழைத்து இன்புற்றது. “நானே வந்தாச்சா?” “நானே சாப்பிட்டாச்சா?” என்று விசேஷ வீடுகளில் வாய்பொத்திக் கேட்கும் அளவுக்கு அப்பெயர் ஓங்கி நின்றது.

ஓ கருவிப்பெட்டியே! தேவைப்படும் அளவு ஒன்றைத் தவிர மற்ற எல்லா அளவு ஸ்பேனர்களும் நிறைந்த பேழையே! தேடும்போது ஒளிந்துகொண்டு, தேடாதபோது கால் கட்டைவிரலின்மேல் வந்து விழுபவளே! இவ்வீரவரலாற்றைத் துருப்பிடிக்காமல் சொல்லி முடிக்க, எம் நாவில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவாயாக!

இனிப் போரின் காரணம் கேளுங்கள்.

போன கோடையில் உறவினர் வீடொன்றுக்கு இரண்டு தேர்கள் புறப்பட்டன. முன்னே சென்றது மைத்துனனின் கார். பனிமலையைக் குடைந்து சக்கரம் மாட்டியது போன்ற குளிர் கொண்டது. பின்னே சென்றது நம் தலைவனின் வெள்ளைக் கார். பாதி வழியில் அதன் ஏ.சி. மூச்சை விட்டது. விட்ட மூச்சு வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்தது போல் இருந்தது. வழியில் வண்டிகள் நின்ற முதல் இடத்தில், கல்லூரியில் படிக்கும் மகள் மாமன் காரின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். “அப்பா, கொஞ்ச நேரம் மாமா வண்டியில வர்றேம்ப்பா” என்றாள், போனாள், திரும்பினாள் இல்லை. அடுத்த இடத்தில் மனைவி இறங்கி, “அவ அங்க தனியா இருப்பா” என்றாள். மூவர் ஏற்கெனவே அமர்ந்திருந்த காரில் தனியா! அவளும் போனாள். மிச்சமிருந்த வழியெல்லாம், படையிழந்த மன்னன் போல, வியர்வையே கவசமாக, நம் தலைவன் தன்னந்தனியே தேரோட்டி வந்து சேர்ந்தான்.

அவன் நெஞ்சில் தைத்தது வெயில் அன்று, அருகிருக்கையின் வெறுமை. நெடுந்தூரப் பயணத்தில் அவன் மனைவி ஆரஞ்சுப் பழம் உரிப்பாள். விதையெடுத்துச் சுளை சுளையாக அவன் வாயில் வைப்பாள். வைத்தபடியே இரு தரப்பு உறவினரையும் ஒருவர் விடாமல் வரிசைப்படி திட்டிக்கொண்டு வருவாள். வீட்டில் கிடைக்காத இந்த இரண்டு பேறுகளும் அவனுக்குக் கார்ப் பயணத்தில் மட்டுமே கிடைப்பவை. ஆகவேதான், மைத்துனியின் குழந்தையைப் பார்க்க மறுபடியும் இரண்டு தேர்களும் அதே தூரம் புறப்படும் நாள் நெருங்கியபோது, மனைவி வாசலில் நின்று விதித்த நிபந்தனை அவனுக்கு இடியோசையாகக் கேட்டது.

“இதப் பாருங்க. ஏ.சி. வேலை செஞ்சா உங்க வண்டி. செய்யலேன்னா நான் அண்ணன் வண்டியில ஏறிடுவேன். அப்புறம் அங்க வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது.”

“வேலை செய்யும்.”

“ஏ.சி. மெக்கானிக் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. விட்டா சாயங்காலம் குடுத்துடுவாரு.”

தலைவன் வானை நோக்கினான். மார்பு ஓரங்குலம் விரிந்தது. வயிறு ஈரங்குலம் விரிந்தது. முழங்கினான்:

“நானே பாத்துக்கறேன்!”

“ஐயோ” என்றாள் மனைவி. அவ்வொரு சொல்லில் சுவர்க்கடிகாரமும் குளியலறைக் குழாயும் வந்து போயின.

போர் தொடங்கிற்று. பானெட் என்னும் கோட்டைக்கதவு திறக்கப்பட்டது. உள்ளே குழாய்கள் பாம்புகள் எனப் பின்னிக் கிடக்க, எஞ்சின் குளிர்ந்து கிடந்தும் முன்பக்கத்து விசிறி, பேய்க்கு வேப்பிலை அடித்தாற்போல் ஓலமிட்டுச் சுழன்றது. ஏ.சி.யை முடுக்கினால் ‘டக்’ என்றொரு சத்தத்தோடு ஓடத் தொடங்க வேண்டிய கம்ப்ரசரோ, சத்தமும் இன்றிச் சலனமும் இன்றி யோகநிலையில் இருந்தது. தலைவன் இக்காட்சியைப் பார்த்த மாத்திரத்தில், ஆராயாமல், தொடாமல், தீர்ப்பளித்தான்: “கேஸ் கம்மி.”

கார் வைத்திருப்பவர் யாவரும் முதலில் சொல்வது இது. சொன்ன பிறகு யோசிப்பது வழக்கமில்லை. கேஸ் அடைத்த டப்பாவும், அதற்கு ஒரு குழாயும், குழாயின் நடுவில் கடிகாரம் போன்ற ஒரு மீட்டரும் வாங்கி வந்தான். காரில் பொருத்தினான். மீட்டரின் முள், உள்ளே கேஸ் வேண்டிய மட்டும் இருக்கிறது ஐயா என்று எழுந்து நின்று வணங்கிச் சொல்லிற்று. தலைவன் அதை நம்பவில்லை. விரலால் தட்டினான். ஆட்டினான். காதருகே வைத்துக் கேட்டான்.

“என்னப்பா சொல்லுது?” என்றாள் மகள், செல்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“கேஸ் இருக்குங்குது.”

“அப்ப இருக்கு.”

“மீட்டர் பொய் சொல்லுது.”

“சரிப்பா. நீ சொன்னா சரி.”

பெற்ற மகள் இப்படி ஒத்துக்கொள்வதைப் போன்ற அவமானம் வேறில்லை. தலைவன் போர்முனையை மாற்றினான். பியூஸ்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டுச் சூரியனுக்கு எதிரே பிடித்து நோக்கப்பட்டன, எல்லாம் குற்றமற்றவை. அடுத்து, கம்ப்ரசருக்கு மின்சாரம் திறந்துவிடும் ரிலே என்னும் சிறு கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி, அதே அளவுள்ள ஹாரனின் ரிலேயைப் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகினான். ஹாரனை அழுத்தினான். தெரு அதிர அது ஒலித்தது. ஆகவே ரிலேயும் குற்றமற்றது. ஆனால் ஓரிரு முறை அழுத்தித் தெளிந்தானா? இல்லை. சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாதென்று அழுத்தினான், மேலும் அழுத்தினான்; எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து, “தம்பி, யாரைக் கூப்புடறீங்க?” என்று கேட்கும் வரை அழுத்தினான்.

கடைசியில், கிடங்கில் உடன் வேலை செய்பவரிடமிருந்து ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். காரின் மூளையோடு பேசும் கருவி அது. ஸ்டீயரிங்கின் அடியிலுள்ள ஓட்டையில் அதன் வாலைச் செருகினால், மூளை என்ன நினைக்கிறது என்று திரையில் காட்டும். தலைவன் செருகினான். கார் தன் மனத்தைத் திறந்தது: ‘ஏ.சி. குழாயில் கேஸ் அழுத்தம்: பூஜ்யம்’ என்றது.

இங்கேதான், நேயர்களே, நம் தலைவன் தன் வாழ்நாளில் ஒரு முறை உருப்படியாக யோசித்தான், மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். குழாயில் மாட்டிய மீட்டர் கேஸ் இருக்கிறது என்கிறது. காரின் மூளையோ இல்லை என்கிறது. மூளை நேரில் போய்ப் பார்க்காது. குழாயில் உட்கார்ந்திருக்கும் பிரஷர் சென்சார் என்னும் ஒற்றன் சொல்வதைத்தான் கேட்கும். ஒற்றன் ‘கேஸே இல்லை’ என்று கதை கட்டியிருக்கிறான். கேஸ் இல்லாமல் கம்ப்ரசரை ஓட்டினால் கெட்டுவிடும் என்று மூளை பயந்து நிறுத்தி வைத்திருக்கிறது. சென்சாரின் சொருகியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான்; வந்துசேர வேண்டிய மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கம்பிகள் உத்தமிகள். சென்சாரே துரோகி!

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று அடுக்களைக்குள் கர்ஜித்தான். “எல்லாம் நல்லாயிருக்கு. ஒருத்தன் பொய் சொல்றான், அதை நம்பி எல்லாரும் வேலையை நிறுத்திட்டாங்க.”

“உங்க ஆபீஸ்லயா?” என்றாள் மனைவி.

உதிரிபாகக் கடைக்காரர், உலகில் எவர் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே முகம் காட்டுபவர். காரின் பெயரைக் கேட்டார், உள்ளே போனார், விரற்கடை நீளமுள்ள சென்சார் ஒன்றைச் சிறு பெட்டியோடு மேசைமேல் போட்டார். “அடியில வால்வு இருக்கு. கழட்டினா கேஸ் போகாது. புஸ்ஸுனு கொஞ்சம் வரும், பயந்துடாதீங்க. ரப்பர் வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுங்க. முடியலேன்னா மெக்கானிக்கிட்ட—”

“எனக்குத் தெரியும்” என்றான் தலைவன்.

“தெரிஞ்சா சரி” என்றார் கடைக்காரர். அவர் கண்கள் அதற்குள் சுவரிலிருந்த தொலைக்காட்சிக்குப் போய்விட்டிருந்தன.

பயணநாள் விடிந்தது. கீழ்வானம் சிவந்தது; அதனினும் சிவந்தன தலைவனின் காதுகள், ஏனெனில் பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்த மனைவி, “கெளம்பற அன்னைக்குத்தான் கழட்டணுமா?” என்று கேட்டிருந்தாள். வாயில்முற்றத்தில் துவாலை விரிக்கப்பட்டது. ஸ்பேனர்கள் அணிவகுத்தன. சென்சார், காரின் முன்மூக்குக்குப் பின்னே, மூன்று விரல் நுழைந்தால் நான்காம் விரல் வெளியே காத்திருக்க வேண்டிய இடுக்கில், குகையில் கிடக்கும் அரக்கன் போல் பதுங்கியிருந்தது. தலைவன் ஸ்பேனரை நுழைத்தான். அது நழுவிற்று. விரல்முட்டி தகரத்தில் உராய்ந்து குருதி பெருகிற்று. பெருகிற்று என்றால், ஒரு கொசு குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கும் அளவு. “மஞ்சள் எடுத்துட்டு வரவாப்பா?” என்றாள் மகள். “போர்ல இதெல்லாம் சகஜம்” என்றான் தலைவன். மறுபடி திருகினான். துரோகி அசைந்தான். கடைசிச் சுற்றில் ‘புஸ்’ என்று ஓர் ஓசை எழ, கடைக்காரர் சொல்லியிருந்த அதே ‘புஸ்’தான் என்றாலும், நம் தலைவன் காற்றில் எழும்பிப் பின்னோக்கிப் பாய்ந்து துளசித் தொட்டிக்கு அப்பால் போய் நின்றான். அவன் எழும்பிய உயரத்தை அளக்க அங்கே எவர் கையிலும் அளவுகோல் இல்லாதது வரலாற்றுக்கு இழப்பு.

கழற்றியாயிற்று. இனிப் புதியதை எடுத்து மாட்டினால் தீர்ந்தது. வேறொருவனாயிருந்தால் அப்படித்தான் செய்திருப்பான். ஆனால் நம் தலைவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பொருள் எதுவாயினும், கெட்டதாயினும், குப்பைக்குப் போவதாயினும், அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் துடைத்து, முகம் பார்க்கும்படி பளபளப்பாக்காமல் அவன் கீழே வைக்க மாட்டான். மேசை இழுப்பறை முழுக்க இவ்வாறு பளபளக்கும் பிணங்கள் கிடக்கின்றன. அன்றும் அப்படியே பழைய சென்சாரை அமர்ந்து தேய்த்தான். பித்தளை பொன்னாயிற்று. பிளாஸ்டிக் கருவிழி போல் மின்னிற்று. அதன் கழுத்திலிருந்த வளையத்தைக்கூட விடவில்லை. தேய்த்து முடித்து, புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டையும் துவாலைமேல் அருகருகே வைத்து, தான் அடையப்போகும் வெற்றியை ஒரு கணம் நோக்கி நின்றான்.

அவ்வேளையில் செல்பேசி அழைத்தது. மைத்துனன்.

“மாப்ளே, நாங்க வீட்டுலேருந்து கெளம்பிட்டோம். ஏ.சி. என்னாச்சு? முடியலேன்னா கூச்சப்படாம சொல்லுங்க, தங்கச்சியும் பாப்பாவும் நம்ம வண்டியில வந்துடட்டும். நீங்க ஜம்முனு காத்தோட்டமா வாங்க.”

காத்தோட்டமா! தலைவனின் மீசை துடித்தது. வாயில்முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடந்தான். தூணுக்குத் தூண் திரும்பினான். அண்டமெல்லாம் கேட்கும்படி அறைகூவினான்:

“மச்சான், நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைக்கு உங்க வண்டியிலேருந்து ஆளுங்க எறங்கி என் வண்டியில வந்து ஏறப் போறாங்க. வரும்போது எல்லாருக்கும் போர்வை எடுத்துட்டு வாங்க!”

“வீட்டுல இருக்கறதே ரெண்டு போர்வைதான் மாப்ளே” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு மைத்துனன் வைத்தான்.

தலைவன் துவாலைக்குத் திரும்பினான். குனிந்தான். அங்கே இரண்டு சென்சார்கள். ஒன்று பொன்னென ஒளிர்ந்தது. மற்றது பெட்டித்தூசி படிந்து மங்கலாக இருந்ததோடு, பக்கவாட்டில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. களிம்பு பிடித்திருக்கிறது, பழசு என்று கண்ணிமைப்பதற்குள் தீர்ப்பளித்தான். விதி என்று பழிபோட இங்கே வழியில்லை, கிரகங்கள்மேலும் பழியில்லை. தன் கையால் தானே தேய்த்துப் புதிதாக்கிய துரோகியைத் தன் கையால் தானே எடுத்து, அதன் வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய்ச் சிறப்பும் செய்து, அது கிடந்த அதே குகைக்குள் மீண்டும் கொண்டுபோய் அமர்த்தி, இறுக்கிப் பட்டமும் கட்டினான்.

சாவியைத் திருப்பினான். ஏ.சி.யை முடுக்கினான். வெந்நீர் அண்டாவின் மூடி திறந்தது.

திரும்ப அணைத்தான், திரும்ப முடுக்கினான். ஸ்கேனரைச் செருகினான். ‘அழுத்தம்: பூஜ்யம்’ என்றது அது, சற்றும் வெட்கமில்லாமல். அப்போது அவன் மூளையில் தோன்றியது, அவன் மூளையில் மட்டுமே தோன்றக்கூடிய ஒன்று: ‘கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்!’

துரோகியைக் கழற்றினான் (‘புஸ்’, துளசித் தொட்டி), புதுப்பெட்டிக்குள் போட்டான், மகளின் ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து பறித்தான். மனைவி வாசலை மறித்தாள்.

“எங்க போறீங்க? அண்ணன் இப்ப வந்துடுவான்.”

“போலிய வித்திருக்கான். விட மாட்டேன்.”

“ஊருக்குப் போயிட்டு வந்தப்புறம் பாத்துக்கலாங்க. எல்லாரும் அவன் வண்டியிலயே நெருக்கிக்கிட்டுப் போயிடலாம். நீங்களும் வாங்க.”

நெருக்கிக்கொண்டு! மைத்துனன் காரில்! பின் இருக்கையில்! மைத்துனனுடைய மாமியாரின் முழங்கைக்குக் கீழே! தலைவன் ஸ்கூட்டரில் ஏறி, தேர்க்கொடி போல் வலக்கை உயர்த்திச் சூளுரைத்தான்: “பத்து நிமிஷம். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அவன் வண்டியில ஏறக் கூடாது!”

மனைவி அவனைப் பார்த்தாள். “பத்து நிமிஷம் இருக்கேன்” என்றாள். பரிகாசம் இல்லாமல் சொன்னாள். கையில் ஆரஞ்சுப் பை இருந்தது.

பத்து நிமிடத்தில் போய்த் திரும்பக்கூடிய கடைதான். ஆனால் வீரன் ஒருவன் நீதி கேட்கப் புகுந்தால் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லிவிடலாகுமா? முதலில் நேர்மையைப் பற்றி உரையாற்றினான். பிறகு வணிக அறத்தைப் பற்றி. கடையில் நின்ற லாரி ஓட்டுநர், ஆட்டோக்காரர், ஹெல்மெட் கழற்றாத ஒருவர் என ஒரு சபையே கூடிற்று. சபை கூடக்கூட உரை நீண்டது. உரை ஓய்ந்ததும், கடைக்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்ததை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பினார்.

“இது நான் குடுத்தது இல்ல.”

“என்னது? காலையில பெட்டியப் பிரிச்சு மாட்டினேன். வேலை செய்யல.”

“சார், பழசைத் தேச்சு எடுத்துட்டு வந்து புதுசுன்னு மாத்தப் பாக்கறீங்களா?”

சபையில் யாரோ சிரித்தார்கள். தலைவனின் முகம் செந்தழலாயிற்று. “யாரைப் பாத்து என்ன பேசறீங்க? நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியாது. ஆனா இந்த மாதிரி நெறையப் பேரு வர்றாங்க. அதுக்குத்தான் என் கடையில விக்கற ஒவ்வொண்ணுலயும் நகப்பூச்சால ஒரு பச்சைப் பொட்டு வச்சுத்தான் குடுப்பேன்.” கடைக்காரர் அலமாரியிலிருந்து வேறொரு சென்சாரை எடுத்துக் காட்டினார், விளக்கைக் காட்டினார், பம்பு ஒன்றைக் காட்டினார். எல்லாவற்றின் இடுப்பிலும் பச்சைப் பொட்டு. “இதுல எங்க பொட்டு?”

“தொடைக்கும்போது போயிருக்கும்!”

“தொடைச்சீங்களா?”

“நல்லாத் தொடைச்சேன். மண்ணெண்ணெய்ல போட்டுத் தேய் தேய்னு தேச்சேன்!”

“புதுசை எதுக்கு சார் தேச்சீங்க?”

நம் தலைவன் வாய் திறந்தான். அவன் புதியதைத் தேய்ப்பவன் அல்லன். தன் வாழ்நாளில் ஒரு புதிய பொருளையும் தேய்த்தவன் அல்லன். வாயைத் திறந்தபடியே, துவாலைமேல் கிடக்கும் களிம்பு பிடித்த அந்த மற்றொன்றை அவன் மனக்கண் கண்டது. களிம்பு மெல்ல மெல்லப் பொட்டாகிச் சிரித்தது.

திறந்த வாயை மூடினான். பெட்டியை எடுத்தான்.

“அண்ணே, பளபளன்னு நல்லாத்தான் தேச்சிருக்காரு” என்றார் ஆட்டோக்காரர், ஆறுதலாக.

புறமுதுகு என்ற சொல்லை வீரர்களுக்குச் சொல்லக் கூடாது. ஆகவே, நம் தலைவன் கடைக்கு முதுகு காட்டிய திசையில் வேகமாக முன்னேறினான் என்போம். தெருமுனை திரும்பினான். வாசலில் மைத்துனன் கார் இல்லை. மனைவி இல்லை. மகள் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னே பெட்டிகள் மட்டும் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நின்றன. அவற்றின்மேல் குழந்தைக்கு வாங்கிய நீலநிறப் பிளாஸ்டிக் குளியல்தொட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இப்பத்தான் தம்பி போனாங்க. உங்க வீட்டம்மா வாசல்லயே நின்னுட்டுத்தான் இருந்தாங்க, பாவம். வண்டிக்குள்ள ஒரு பெரியம்மா ‘போலாம் போலாம்’னு ஒரே சத்தம். உங்க மச்சானும் ஹாரன் அடிச்சிட்டே இருந்தாரு. உங்க அளவுக்கு இல்ல.”

அம்மாள் உள்ளே போனதும் தலைவன் வாயில்முற்றத்துத் துவாலையிடம் போனான். குனிந்தான். பச்சைப் பொட்டிட்ட சென்சாரை எடுத்தான். வளையத்துக்கு எண்ணெய் விட்டான். குகைக்குள் கைவிட்டான். ஒரே முயற்சியில், நழுவாமல், குருதியின்றி, பாய்ச்சலுமின்றி மாட்டி முடித்தான். பார்க்க ஆளில்லாதபோது அவன் கைகள் அப்படித்தான் இயங்கும். ஸ்கேனரில் பழைய புகாரை அழித்தான். சாவியைத் திருப்பி ஏ.சி.யை முடுக்கினான்.

டக்.

ஆகா, அந்த ‘டக்’! முரசறைந்தது போலும், முடிசூட்டியது போலும், பகைவன் கோட்டையின் தாழ் விழுந்தது போலும் ஒலித்த அந்த ‘டக்’! கம்ப்ரசர் யோகம் கலைந்து எழுந்தது. துவாரங்கள் நான்கிலிருந்தும் குளிர் புறப்பட்டது. வாடை எனப் புறப்பட்டது, பனிப்படை எனப் பரந்தது, சூடேறிய இருக்கைகளை முற்றுகையிட்டது, கண்ணாடிகளில் புகைபோல் படிந்தது. தலைவனின் நெற்றி வியர்வை நெற்றியிலேயே உறைந்தது. மனைவியைச் செல்பேசியில் அழைத்தான்.

“வந்துடுச்சு! ஏ.சி. வந்துடுச்சுடி! ஐஸா இருக்கு! எங்க இருக்கீங்க? அங்கேயே நில்லுங்க, நான் வந்து ஏத்திக்கறேன்.”

“எங்கங்க நிக்கறது? பெரிய ரோட்டுல ஏறியாச்சு, நடுவுல நிறுத்த முடியாதுங்கறான் அண்ணன்.” அவள் குரல் நெருக்கத்தில் நசுங்கி வந்தது. “நான் இருக்கேன்னுதாங்க சொன்னேன். பத்து நிமிஷம்னீங்க. எவ்வளவு நேரம்தான் நிக்கறது?”

“கடையில கொஞ்சம் பேச வேண்டியதாப் போச்சு.”

“பேசியிருப்பீங்க.” பின்னணியில் ஒரு மூதாட்டியின் குரல் எதையோ குறைசொல்லிற்று. “நான் வைக்கறேன், இங்க கையைக்கூட அசைக்க முடியல. பெட்டியெல்லாம் இங்க வைக்க எடமில்ல, நீங்க ஏத்திட்டு வந்துடுங்க. குளியல்தொட்டி உடையாமப் பாத்து வைங்க.”

அவ்வாறே ஆயிற்று. பெரிய பெட்டிகள் பின் இருக்கையில் தோளோடு தோள் உரச அமர்ந்தன. பின்னாலிருந்த டிக்கியில் சிறிய பெட்டிகள் புகுந்தன. எஞ்சிய கனத்த பெட்டி ஒன்று முன்னிருக்கையில், தலைவனுக்கு அருகே, குளியல்தொட்டியை முடியெனச் சூடி வீற்றிருந்தது. வண்டி நகர்ந்ததும், பெல்ட் போடாத ஆள் அமர்ந்திருப்பதாக எண்ணிக் கார் கீச்சுக்கீச்சென்று கூவத் தொடங்கவே, ஓரங்கட்டி நிறுத்தி, பெட்டிக்கு பெல்ட் பூட்டிவிட்டான்.

பார்புகழ் தேர் புறப்பட்டது! துரோகியை வீழ்த்திய தோளன், தன் கையால் தானே வென்ற பனிக்காற்றின் நடுவே, வெண்கொற்றக்குடை ஒன்றுதான் குறை என வீற்றிருந்து, தெருவைக் கடந்தான், கடைவீதியைக் கடந்தான், அங்கே எவரையும் நோக்காமல் நேரே பார்த்தபடி உதிரிபாகக் கடையையும் கடந்தான்; நெடுஞ்சாலையின் வாயிலில் வெயில் நெருப்பாறாகப் பெருகிக் கிடக்க, ஊரெல்லாம் வேகும் அவ்வேளையில் அவன் தேரில் மட்டும் மார்கழி நிலவியது; முன்னும் பின்னும் பெட்டிகள் சிலிர்த்திருக்க, அக்குளிரின் ஏகபோகச் சக்கரவர்த்தியாய், வெற்றித்திருமகள் இடப்புறம் பெல்ட்டோடு அமர்ந்திருக்க, எதிர்வரும் வண்டிகளெல்லாம் வழிவிட, அவன் சென்றான், சென்றான், சென்றுகொண்டேயிருந்தான்.

கொஞ்ச தூரம் போனதும், பெட்டிக்கு எதுக்கு ஏ.சி. என்று அதை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான்.